பாட்டாவின் ஒடுக்கமான சவரக்கத்தியா, முக்காலே அரைக்கால் அகலத்தில் புதுசா?

முட்டம்காரன்:

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து பாட்டாவின் தகரப்பெட்டியை இறக்கினோம். கொழும்பில் கடைக்கணக்கு எழுதியவர். உள்ளே ஒரு சீட்டுக்கட்டும் மூக்குக்கண்ணாடியும், துணியில் சுற்றி ஒரு மடக்குச் சவரக்கத்தியும் இருந்தன. கைப்பிடி கறுப்பு. கத்தியின் கழுத்தில் ஸோலிங்கன் (கத்திக்குப் பேர்போன ஜெர்மனி ஊர்) என்ற எழுத்து பாதி தேய்ந்திருக்கிறது. எனக்கு போட் எஞ்சின் பட்டறையில் வேலை என்பதால் வெர்னியர் வைத்தே அளந்துவிட்டேன். அகலம் நுனியில் 13 மில்லிமீட்டர், அடியில் 15.

இணையத்தில் 7/8 அங்குல அகலத்தில் ஒன்று பார்த்தேன். வெட்டரிவாள் மாதிரி கம்பீரமாக இருக்கிறது, விலையும் அப்படித்தான். எனக்குக் கம்பி மாதிரி முடி. மூன்று பிளேடு ரேசர் போட்டால் தொண்டையில் முடி உள்ளே சுருண்டு பருப் பருவாக வருகிறது. பாதி பிளேடு மாட்டும் சலூன் கத்தியை ஒரு மாதம் பழகிப் பார்த்தேன். மூக்கடியில் இரண்டு தடவை நன்றாகவே வெட்டிக்கொண்டேன். பெரியது வாங்கவா, இருப்பதையே தேற்றவா?

தக்கலை_தாடி:

பெரியதே வாங்குங்கள். கனம் இருந்தால் கத்தி தானாக இறங்கும், நாம் அழுத்த வேண்டியதில்லை. என்னிடம் இருப்பது 6/8, இன்னும் பெரியது கிடைத்தால் விடமாட்டேன்.

கோட்டாறு_சலூன்_மகன்:

தம்பி, கொஞ்சம் பொறுங்கள்.

அப்பா கோட்டாற்றில் சலூன் வைத்திருந்தார். நான் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜன்னல் கம்பியில் மாட்டிய, கத்தி தீட்டும் தோல்வாரைத் தொய்யாமல் இழுத்துப் பிடிப்பது என் வேலை. அப்பாவின் அடைப்பத்தில், அதாவது தொழில் பையில், இரண்டு கத்திகள் இருக்கும். கன்னத்துக்கும் தாடைக்கும் அகலமானது. மீசை ஓரம், மூக்கடி, காதுக்குப் பின்னால், கிருதா இறக்குவது எல்லாம் ஒடுக்கமானது. சின்ன வேலைக்கென்று தனியாக வாங்கியிருக்கிறார் என்றுதான் வெகுநாள் நினைத்தேன். ஒருநாள் கேட்டபோது சிரித்தார். "அதும் பெருசா இருந்ததுதாம்ல. தீட்டித் தீட்டி இப்பிடி ஆயிட்டு."

அதனால் முதலில் உங்கள் கத்தி பிறந்ததே ஒடுக்கமாகவா, தேய்ந்து ஒடுங்கியதா என்று பாருங்கள். கல்லில் முதுகும் வாயும் (வெட்டும் விளிம்பு) சேர்ந்தேதான் படியும். நிறையத் தீட்டிய கத்தியில் முதுகின் இரண்டு பக்கமும் பளபளவென்று ஒரு தட்டைப் பட்டை ஓடும். நுனிக்கும் அடிக்கும் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் என்கிறீர்கள். தீட்டியவர் நுனிப்பக்கம் கை அழுத்தியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. தேய்ந்தது குற்றமில்லை. முதுகும் கூடவே தேய்வதால் வாயின் கோணம் பெரிதாக மாறியிருக்காது.

இனி அகலத்துக்கு வருவோம். இதை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை வைத்துச் சொல்வார்கள், நம் கணக்கில் அரைக்கால். 5/8 என்றால் அரையே அரைக்கால், ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். 6/8 முக்கால், 19. நீங்கள் பார்த்தது முக்காலே அரைக்கால், 22. அகலம் கூடினால் முகத்தில் என்ன மாறும் என்பதை உங்கள் வெர்னியர் மூளைக்கு இப்படிச் சொல்கிறேன். கத்தி தோலோடு சுமார் 30 டிகிரியில் நிற்க வேண்டும். கத்தியின் அகலத்தில் பாதி அளவுக்கு முதுகு தோலைவிட்டு எழும்பினால் அந்த 30 வந்துவிடும். 22 அகலத்துக்கு 11 மில்லிமீட்டர். உங்கள் பாட்டா கத்திக்கு நுனியில் ஆறரைதான். கை 2 மில்லிமீட்டர் தவறினால் பெரிய கத்தியில் கோணம் ஆறேழு டிகிரி மாறும், சின்னதில் பத்துக்கு மேல். பெரிய கத்தி கன்னத்தில் நிதானமாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நுரையையும் நிறையத் தாங்கும், அடிக்கடி துடைக்க வேண்டாம்.

ஆனால் மூக்கடிக்கு வரும்போது அதே 22 மில்லிமீட்டர் எங்கே போகும்? முதுகு மூக்கில் இடிக்கும். மூக்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சர்க்கஸ் காட்ட வேண்டியதுதான். நீங்கள் இரண்டு தடவை வெட்டிக்கொண்ட இடமும் அதுதானே.

தக்கலைக்காரர் கனத்தைச் சொன்னார். அதை அகலம் மட்டும் முடிவு செய்வதில்லை. இரண்டு பக்கமும் ஆழமாகக் குடைந்த கத்தி அகலமாக இருந்தாலும் லேசுதான். முடியில் படும்போது கிர்ரென்று பாடும், கட்டை முடியில் கொஞ்சம் வளையும். குடையாமல் ஆப்பு மாதிரி விட்ட கத்தி கனமானது, வளையாது. கம்பி முடிக்காரர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது குடைவைத்தான். அகலம் அப்புறம்.

எய்ட்ஸ் பயம் வந்த காலத்தில் அப்பாவும் ஆளுக்கொரு பாதி பிளேடு என்று மாறிவிட்டார். அந்தக் கத்தியை அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. "இது மன்னிக்காதுடே" என்பார். கூர் அதிகம், கனம் கிடையாது, வாய் வளையாமல் விறைப்பாக நிற்கும். ஆகவே அதில் பட்ட காயத்தை வைத்துப் பாட்டா கத்திக்குப் பயப்படாதீர்கள்.

என் யோசனை: இருப்பதைத் தேற்றுங்கள். அது ஒத்துவரவில்லை என்றால் 5/8 அல்லது 6/8, முனை உருண்டது. சதுர முனை இப்போது வேண்டாம், காதோரத்தில் குத்தும்.

ஆரல்வாய்_காற்று:

தேற்றுவதாக இருந்தால் தயவுசெய்து சாணைச் சக்கரக்காரரிடம் கொடுக்காதீர்கள். சவேரியார் கோயில் திருவிழா சமயம் நான் கொடுத்தேன். பொறி பறக்கப் பிடித்து, வாயில் நீலம் ஓடிய பிறகு சிரித்தபடி திருப்பித் தந்தார். சூட்டில் உருக்கின் பதம் போய்விட்டது. இப்போது அது மாங்காய் நறுக்கக்கூட லாயக்கில்லை.

முட்டம்காரன்:

முதுகைப் பார்த்தேன் அண்ணாச்சி. நீங்கள் சொன்ன பட்டை இருக்கிறது, நுனிப்பக்கம் அகலமாக. பாட்டா அப்படி அழுத்தித் தீட்டியிருக்கிறார். வலதுகைப் பெருவிரல் அவருக்குக் கொஞ்சம் வளைந்திருக்கும், அதனாலோ என்னவோ. சக்கரம் கிடையாது, சரி. கல் என்ன வாங்க? இன்னொன்று, எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். ஜன்னல் கொண்டியே ஆறு மாதத்தில் துருவாகிவிடும்.

கோட்டாறு_சலூன்_மகன்:

தட்டையான தண்ணீர்க் கல். வாய் கட்ட 1000 நம்பர், கடைசி மெருகுக்கு 8000 அல்லது 12000; நம்பர் கூடக்கூடக் கல் நைசு. முதுகு கல்லைவிட்டு எழும்பவே கூடாது. முதல் தடவை மட்டும் பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் தினமும் தோல்வாரில் நாற்பது ஐம்பது இழுப்பு போதும். முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுங்கள். வாய்ப்பக்கம் புரட்டினால் தோல் போச்சு.

துருவுக்கு, சவரம் முடிந்ததும் நன்றாகத் துடைத்து, தோலில் நாலு இழுப்பு இழுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் நம் ஊர்ப் பழக்கம்தான், ஆனால் நாளானால் பிசுக்காகும். குளியலறையில் வைக்காதீர்கள். மடக்கும் இடத்தில் ஈரம் நிற்கும், அங்கேதான் முதலில் பிடிக்கும்.

முட்டம்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கல்லில் பழகிய ஒருவர் மார்த்தாண்டத்தில் கிடைத்தார், தீட்டித் தந்தார். இப்போதைக்கு வலது கன்னம் மட்டும் பாட்டா கத்தி. இடது கன்னமும் தொண்டையும் பழைய ரேசர்தான். நேற்று துணிந்து மூக்கடிக்குப் போனேன், வெட்டவில்லை. தாடை திரும்பும் இடத்தில்தான் ஒரு கீறல், சீனிக்காரம் (படிகாரம்) தேய்த்ததும் நின்றுவிட்டது. 7/8 ஆசை இன்னும் போகவில்லை அண்ணாச்சி. ஆனால் வீட்டில் விலையைச் சொன்னேன், அதற்கு வந்த பதிலை இங்கே எழுத முடியாது.