வீட்டு ஜெனரேட்டருக்கு 10டபிள்யூ-30 ஆயிலா, பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயிலா?

கேள்வி (வேதாரண்யத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்த பிறகு, சாய்ந்த மின்கம்பங்களை எடுத்து நட்டு, எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பி வருவதற்குப் பல வாரங்கள் ஆயின. அம்மாவுக்குத் தினமும் இன்சுலின் போட வேண்டியிருப்பதாலும், அந்த மருந்தை ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும் என்பதாலும், அடுத்த ஆண்டே 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினோம். காற்றில் குளிரும், ஒற்றை சிலிண்டர் கொண்ட, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் அது.

சென்ற மாதம் இரண்டு நாள் மின்சாரம் இல்லாதபோது, இரண்டாம் நாள் மாலை அது தானாக நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் ஒரு கணம் உறுமிவிட்டு அடங்கியது. பெட்ரோல் அரை டேங்க் இருந்தது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தபோது, அளவு பார்க்கும் குச்சியான டிப் ஸ்டிக்கின் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. வீட்டில் இருந்த ஆயிலைக் கொஞ்சம் ஊற்றியதும் வழக்கம்போல ஓடியது.

இப்போது பழைய ஆயிலை முழுதாக வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற விரும்புகிறேன். கையேட்டில் 10டபிள்யூ-30 என்றும், ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரம் எஸ்ஜே அல்லது அதற்கு மேற்பட்டது என்றும் இருக்கிறது. அருகில் உள்ள வெப்பநிலைப் படத்தில் வெயில் மிகுந்த இடத்துக்கு ஒற்றை எண் கொண்ட எஸ்ஏஇ 30 என்றும் காட்டியிருக்கிறார்கள். உதிரிபாகக் கடைக்காரர் பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 போதும் என்கிறார். அண்ணன் டிராக்டருக்கு வாங்கிய 15டபிள்யூ-40 டின் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. எதை ஊற்றுவது சரி என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1 (தூத்துக்குடியிலிருந்து)

வணக்கம் சகோதரி. நான் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் ஜெனரேட்டருக்கு ஒன்பது ஆண்டுகளாக பைக் ஆயில்தான் ஊற்றி வருகிறேன். எஞ்சினை இதுவரை பிரித்ததில்லை. ஆகவே கடைக்காரர் சொன்னதில் பெரிய ஆபத்து இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அளவு விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். முதல் வருடம் நான் ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்த்துவிட்டேன். ஸ்டார்ட் செய்த சற்று நேரத்தில் நீலப் புகை கடை முழுவதும் சூழ்ந்துகொண்டது. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் பஞ்சு முழுவதும் ஆயிலில் ஊறிக் கிடந்தது. உங்கள் அளவுள்ள எஞ்சின்கள் பலவற்றுக்குச் சுமார் 600 மில்லிதான் தேவைப்படும். ஜெனரேட்டரைச் சமதளத்தில் வைத்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்து, திருகாமல் உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். பல மாடல்களில் திருகிவிட்டுப் பார்த்தால் அளவு தவறாகவே தெரியும்.

பதில் 2 (பட்டுக்கோட்டையிலிருந்து)

அம்மா, நான் பம்ப்செட்டும் ஜெனரேட்டரும் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவன். கஜா சமயத்தில் இரவும் பகலும் இந்த வேலையே செய்தவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எண்களைப் பார்ப்போம். 10டபிள்யூ-30 என்பதில் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ள எண்ணோ, எஞ்சின் சூடேறிய பிறகு, அதாவது 100 டிகிரி செல்சியஸ் அளவில், ஆயிலின் கெட்டித்தன்மை எவ்வளவு என்பதைக் காட்டுகிறது. வேதாரண்யத்தில் கடுங்குளிர் என்ற பேச்சே இல்லை என்பதால், நீங்கள் கவலைப்பட வேண்டியது பின்னால் உள்ள எண்ணைப் பற்றித்தான். அந்தக் கணக்கில் எஸ்ஏஇ 30, 10டபிள்யூ-30 இரண்டும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை.

அப்படியானால் வெயிலுக்கு எஸ்ஏஇ 30 என்று படத்தில் தனியாக ஏன் காட்டுகிறார்கள்? காரில் ரேடியேட்டரும் தண்ணீரும் இருப்பதால் எஞ்சின் சூடு ஓர் அளவில் நிற்கும். உங்கள் ஜெனரேட்டரில் சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோக இதழ்களும் ஒரு விசிறியும் மட்டுமே இருக்கின்றன. அதுவும் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்ற ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட வேண்டும். இந்தச் சூட்டில், 10டபிள்யூ-30 ஆயிலுக்கு அடிப்படையாக உள்ள மெல்லிய எண்ணெய் சற்று வேகமாக ஆவியாகிறது, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி மேலேறி எரியவும் செய்கிறது. 27 டிகிரிக்கு மேல் 10டபிள்யூ-30 ஊற்றினால் ஆயில் செலவு கூடலாம், அடிக்கடி அளவைப் பாருங்கள் என்று சில சிறு எஞ்சின் தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் மார்கழியை விட்டால் பகலில் 27 டிகிரிக்குக் கீழே இருப்பது எத்தனை நாள்? உங்கள் ஆயில் இரண்டே நாளில் இவ்வளவு இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகையால் என் தேர்வு எஸ்ஏஇ 30. ஆனால் ‘30’ என்று கேட்டவுடன் கடையில் பம்ப்செட் ஆயிலை எடுத்து நீட்டுவார்கள். டப்பாவின் பின்புறத்தைத் திருப்பி ஏபிஐ தரத்தைப் படித்துவிட்டே பணத்தைக் கொடுங்கள். எஸ்சி, சிசி போன்ற எழுத்துகள் இருந்தால் அது 1960களின் தரம். எண் சரியாக இருந்தாலும் உங்கள் எஞ்சினுக்கு அது வேண்டாம். பெட்ரோல் எஞ்சினுக்கான தரத்தில் ‘எஸ்’ முதலில் வரும், இரண்டாம் எழுத்து முன்னேற முன்னேறத் தரம் உயரும்: எஸ்ஜேக்குப் பிறகு எஸ்எல், எஸ்எம், எஸ்என், 2020இல் வந்த எஸ்பி. எஸ்ஜே முதல் இவற்றில் எதுவானாலும் ஊற்றலாம். நல்ல தரத்தில் எஸ்ஏஇ 30 கிடைக்கவில்லை என்றால், தயங்காமல் 10டபிள்யூ-30 வாங்கி, தினமும் அளவைப் பாருங்கள்.

தூத்துக்குடி நண்பர் கூறியதை நான் மறுக்கவில்லை. நம் வெயிலில் 20டபிள்யூ-40 ஊற்றியதால் உடனே கெட்டுப்போன எஞ்சினை நான் கண்டதில்லை. ஆனாலும் இந்தச் சிறு எஞ்சின்களில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள ஒரு சிறு கரண்டி ஆயிலை வாரித் தெளித்துத்தான் உள்ளே எல்லா இடத்துக்கும் அனுப்புகிறது. தேவைக்கு மேல் கெட்டியான ஆயில், ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் அந்தத் தெளிப்பைத் தாமதப்படுத்தும். கையேட்டில் 40 இல்லாதபோது நாமாக அங்கே போக வேண்டியதில்லை. பைக் ஆயிலில் உள்ள ‘ஜாசோ எம்ஏ’ முத்திரை, ஆயிலில் மூழ்கியிருக்கும் கிளட்சுக்காகக் கொடுப்பது. ஜெனரேட்டரில் கிளட்ச் இல்லை என்பதால் அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

டிராக்டர் டின்னில் ‘சிஐ-4/எஸ்எல்’ என்பதுபோல இரண்டு தரமும் சேர்த்து அச்சிட்டிருந்தால், அவசரத்துக்கு ஊற்றி ஓட்டலாம். ‘சி’ மட்டும் இருந்தால் டீசல் எஞ்சினோடு நிற்கட்டும். கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஊற்றும் டிராக்டர் ஆயிலாக இருந்தால், தயவுசெய்து அதைத் தொடவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது இதுதான். இத்தகைய எஞ்சின்களுக்குப் பொதுவாக முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரம் அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் செய்ய வேண்டும். 100 மணி நேரம் நீண்ட காலம்போலத் தோன்றும். புயலுக்குப் பிறகு நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால், பத்தே நாளில் அது முடிந்துவிடும். கஜா சமயத்தில் என் பட்டறைக்கு வந்த ஜெனரேட்டர்கள் பலவற்றில் பெட்ரோல் இருந்தது, ஆயில்தான் தாரைப்போலக் கறுத்து, கைப்பிடி அளவே மிஞ்சியிருந்தது. சிலவற்றில் ராடே பிடித்துப்போயிருந்தது. வெள்ளத்துக்கு அரிசி, மெழுகுவர்த்தி சேர்த்துவைக்கும் வீட்டில், ஐப்பசி பிறப்பதற்குள் இரண்டு லிட்டர் சரியான ஆயிலும் இருக்க வேண்டும். புயலடித்த பிறகு எந்தக் கடையும் திறந்திருக்காது.

பதில் 3 (யாழ்ப்பாணத்திலிருந்து)

பட்டுக்கோட்டை ஐயா ஆயில் குறைவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அது கூடுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், இங்கே நாங்கள் மோட்டார் சைக்கிளையும் நீர்ப்பம்பையும் சில துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எரியாத மண்ணெண்ணெய் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். ஊற்றாமலே ஒயில் மட்டம் ஏறியிருந்தால் அதை மகிழ்ச்சியோடு பார்க்கக் கூடாது என்பதை அப்போது அப்பாவிடம் கற்றேன். அவர் குச்சியில் ஒரு சொட்டு எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்து, முகர்ந்து பார்ப்பார். வழுக்காமல் தண்ணீர்போல ஓடினால் அன்றைக்கே மாற்றிவிடுவார்.

2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, என்னுடைய பெற்றோல் ஜெனரேற்றரிலும் அதே நிலையைக் கண்டேன். கார்புரேற்றருக்குள் இருக்கும் மிதவையின் ஊசி சரியாக மூடாததால், நிறுத்தி வைத்திருந்த வேளையில் பெற்றோல் மெல்லக் கசிந்து ஒயிலுக்குள் இறங்கியிருந்தது. அன்று முதல், வேலை முடிந்ததும் பெற்றோல் குழாயை மூடிவிட்டே உள்ளே போகிறேன். சகோதரி, எவ்வளவு விலையுயர்ந்த ஒயிலை ஊற்றினாலும், இப்படிக் கலந்துவிட்டால் அது ஒயிலே அல்ல.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணனின் டின்னைத் திருப்பிப் பார்த்தேன். ‘சிஐ-4’ மட்டுமே இருந்தது, எஸ் எதுவும் இல்லை. அதை அப்படியே மூடி வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் எஸ்ஏஇ 30 என்று கேட்ட இரண்டு கடைகளிலும் பம்ப்செட் ஆயிலே கிடைத்தது, அதில் தரம் ‘சிசி’. நாகப்பட்டினத்துக்குப் போன தம்பி, ‘எஸ்எல்’ என்று அச்சிட்ட எஸ்ஏஇ 30 ஒரு லிட்டர் டப்பா இரண்டு வாங்கி வந்தான்.

நேற்று மாலை பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி, பழைய அலுமினியச் சட்டியில் ஆயிலை வடித்தோம். வந்தது சுமார் நானூறு மில்லிதான். கறுப்பாக இருந்தது, முகர்ந்து பார்த்தேன், பெட்ரோல் வாடை இல்லை. சட்டியின் அடியில் மட்டும் மணல்போல மினுங்கும் துகள்கள் சில தெரிந்தன. புது ஆயில் ஊற்றி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜை ஓட்டிப் பார்த்ததில் சத்தம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. அந்தத் துகள்களைப் பற்றிப் பயப்பட வேண்டுமா ஐயா?

பதில் 2 மீண்டும்

முதல் ஆயில் மாற்றத்தை இவ்வளவு காலம் தள்ளிப்போட்டிருந்தால், புது எஞ்சின் பழகும்போது தேய்ந்த உலோகம் அப்படியே உள்ளே தங்கியிருக்கலாம். இப்போது ஊற்றிய ஆயிலை 20 மணி நேரத்தில் வடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். துகள் இல்லை என்றால் பிறகு 100 மணி நேரக் கணக்குக்குப் போகலாம். மறுபடியும் மினுங்கினால் ஓட்டாமல் பட்டறைக்கு எடுத்து வாருங்கள். வடித்த ஆயிலை வாய்க்காலிலோ தென்னை அடியிலோ கொட்டாமல், ஏதாவது ஒரு பட்டறையில் கொடுத்துவிடுங்கள்; கழிவு ஆயில் வாங்க ஆள் வரும். டேங்கின் மேல் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, இன்றைய தேதியை எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் ஓடிய நேரத்தை அதன் கீழே குறித்துக்கொண்டே வாருங்கள் அம்மா.