ராக் இசைக்குழுவின் வாழ்க்கை வரலாறு: சுவையும் உண்மையும்

முகிலன்:
லெட் செப்பெலின் குழுவைப் பற்றி 1985இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றை இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். குழுவின் உறுப்பினர்களே அதை ஏற்கவில்லை என்று பிறகு அறிந்தபோது மனம் சங்கடப்பட்டது. விடுதி அறைகளில் நடந்தவற்றையெல்லாம் நேரில் பார்த்ததுபோல் சொல்லும் ஒரு நூலின் நம்பகத்தன்மையை எதைக்கொண்டு சோதிப்பது? சுவையாக இருப்பதாலேயே அதைச் சந்தேகிக்க வேண்டுமா?

செவ்வழி:
சுவை குற்றமன்று, சொன்னவர் யார் என்பதே முதற்கேள்வி. நீங்கள் படித்த நூல், குழுவின் பயண மேலாளராக இருந்த ரிச்சர்டு கோலின் நினைவுகளைப் பெரிதும் சார்ந்தது. அவர் உடனிருந்தவர்தான், ஆயினும் பயண மேலாளரின் கண்வழியே வரும் கதையில் விடுதியும் விமானமும் பெரிதாகத் தெரிவதும், பாடல்கள் உருவான அறை மங்கிப்போவதும் இயல்பு. உறுப்பினர்கள் மறுப்பதாலேயே ஒரு செய்தி பொய்யாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பீட்டில்ஸின் ஒப்புதலோடு 1968இல் வெளிவந்த வரலாற்றில், தம் பெரியம்மாவுக்காகச் சில உண்மைகள் நீக்கப்பட்டன என்று ஜான் லெனனே பின்னாளில் குறைபட்டுக்கொண்டார்.

தாளவாசி:
நேரில் பார்த்தவர்களின் எண்ணிக்கையும் உறுதியான சான்று ஆகாது. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழு வாசித்தபோது அரங்கில் இருந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் அன்று அங்கே இருந்ததாகப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டவர்களை அந்தச் சிறிய அரங்கு கொள்ளாது. அவர்கள் அனைவரும் பொய்யர்கள் என்று நான் கருதவில்லை. பலமுறை கேட்ட கதை சொந்த நினைவாகவே மாறிவிடுவதுண்டு. ஆகவே, காகிதச் சான்று உள்ள ஒரு நாளை நூலில் தேடிப் பாருங்கள். பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தின் பத்துப் பாடல்களை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவுசெய்தார்கள் என்பதற்கு ஒலிப்பதிவுக் கூடத்தின் குறிப்புகள் இருக்கின்றன. இப்படிச் சரிபார்க்கக்கூடிய நாளிலேயே தடுமாறும் ஆசிரியரை, சரிபார்க்க முடியாத நள்ளிரவுக் கதைகளில் நான் நம்புவதில்லை.

செவ்வழி:
அந்தச் சோதனை சரியானது. ஆனால் தேதிகள் அனைத்தும் பிழையின்றி இருந்தும் உயிரற்றுக் கிடக்கும் நூல்களை நான் படித்திருக்கிறேன். லெட் செப்பெலினின் நான்காம் ஆல்பத்தில் கடைசிப் பாடலுக்காக, ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் ஜான் பான்ஹமின் டிரம்ஸை வைத்து, மேலே மாடிப்படியிலிருந்து மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவுசெய்தார்கள். அந்தக் கனத்த அதிர்வு எங்கிருந்து வந்தது என்பதை ஒரு நூல் புரியவைத்து, உடனே அந்தப் பாடலை மீண்டும் கேட்கத் தூண்டினால், அதன் சுவை வம்புப்பேச்சால் வந்ததன்று.

முகிலன்:
இருவருக்கும் நன்றி. நூலை மீண்டும் எடுத்து, கோல் மட்டுமே சாட்சியாக நிற்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துவருகிறேன். ஹெட்லி கிரேஞ்ச் பற்றிய பக்கங்களை முதல் வாசிப்பில் அவசரமாகக் கடந்துவிட்டேன். அவற்றை இன்றிரவு பாடலோடு சேர்த்துப் படிக்கப்போகிறேன்.