‘புட்’ வினைத்தொடர்களில் ‘இட்’ எங்கே வர வேண்டும்? விளக்கம் தேவை

கேள்வி

வணக்கம். ஆங்கிலத்தில் ‘புட்’ என்றால் ‘வை’ என்பது தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அதன் பின்னால் ஒரு சிறு சொல் சேர்ந்தவுடன் பொருள் எங்கோ போய்விடுகிறது. ‘புட் ஆஃப்’ ஒத்திவைப்பதையும், ‘புட் அவுட்’ நெருப்பை அணைப்பதையும், ‘புட் அப் வித்’ பொறுத்துக்கொள்வதையும் குறிக்கின்றன. பட்டியலாக மனப்பாடம் செய்தால் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மற்றோர் ஐயமும் உண்டு. ‘புட் ஆஃப் த மீட்டிங்’, ‘புட் த மீட்டிங் ஆஃப்’ ஆகிய இரண்டும் சரி என்கிறார்கள். ஆனால் ‘த மீட்டிங்’ இருக்கும் இடத்தில் ‘இட்’ வந்தால் ‘புட் இட் ஆஃப்’ மட்டுமே சரியாம். ‘புட் அப் வித் இட்’ என்பதிலோ அதே ‘இட்’ கடைசியில் நிற்கிறது. இதற்கு விதி உண்டா?

பதில் 1

விதி உண்டு. வினைக்குப் பின் வரும் சிறு சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ‘புட் ஆஃப்’ என்பதில் ‘ஆஃப்’ வினையையே சேர்ந்தது. ஆகவே செயப்படுபொருள் அதற்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். ஆனால் ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்ற பதிலிடு பெயர்கள் முன்பே தெரிந்த ஒன்றைச் சுட்டுபவை. ஆங்கில வாக்கியமோ பெரும்பாலும் புதிய செய்தியைக் கடைசியில் வைப்பது என்பதால், அவை நடுவில் அடங்கிவிடுகின்றன. மிக நீண்ட செயப்படுபொருள் வாக்கியத்தின் இறுதிக்குத் தள்ளப்படுவதும் இதையொட்டியே.

‘புட் அப் வித்’ என்பதில் கடைசியாக உள்ள ‘வித்’ பெயரை ஆளும் முன்னிடைச்சொல். நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் வரும் என்பதைப் போல, அது பெயருக்கு முன்னால்தான் வரும். எனவே ‘இட்’ அதைத் தாண்டி முன்னே போக முடியாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலும் வேறுபாடு புலப்படும்: ‘புட் இட் ஆஃப்’ என்பதில் அழுத்தம் ‘ஆஃப்’ மீது விழுகிறது, ‘லுக் அட் இட்’ என்பதில் ‘லுக்’ மீது விழுகிறது, ‘அட்’ மெலிந்துவிடுகிறது.

பதில் 2

பொருளைப் பொறுத்தவரை, வினையைத் தலைப்பாக வைத்துப் பட்டியலிடுவதை விட்டுவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. நாமும் ‘படு’ என்ற ஒரே வினையிலிருந்து புறப்படு, அகப்படு, உட்படு, மேம்படு என்று வெவ்வேறு பொருள்களைப் பெறுகிறோம். புறம், அகம், உள், மேல் என்பவையே அங்கே திசை காட்டுகின்றன. ஆங்கிலத்தில் திசை காட்டும் சொல் பின்னால் வருகிறது. ‘ஆஃப்’ விலக்கத்தைக் காட்டுவது என்று கொண்டால், கூட்டத்தைத் தள்ளிவைப்பதும் ‘புட் ஆஃப்’ ஆவது ஏன், கெட்ட மணம் ஒருவரை உணவிலிருந்து மனம் விலகச் செய்வதும் ‘புட் ஆஃப்’ ஆவது ஏன் என்று விளங்கும். ‘ஆன்’ மேலே சேர்வதைக் காட்டுவதால் உடை அணிவதும் உடல் எடை கூடுவதும் ‘புட் ஆன்’ ஆகின்றன. ‘புட் அப் வித்’ மட்டும் இந்த வழிக்கு இணங்காது. அதை ஒரே சொல்லாகவே நினைவில் வைக்க வேண்டும்.

இதில் இடர்ப்படுவது உங்கள் குறையன்று. வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருளை மாற்றும் இந்த வழக்கே அயல்மொழியாருக்கு மிகப் பெரும் இடர் தருவது என்று சாமுவேல் ஜான்சன், 1755இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இந்த விளக்கத்தை ‘புட் த்ரூ’ என்பதோடு பொருத்திப் பார்த்தேன். ‘ஷி புட் மீ த்ரூ டு த மேனேஜர்’ என்றால் தொலைபேசி இணைப்புக் கொடுத்தார் என்று பொருள். ‘தே புட் மீ த்ரூ எ டிஃபிகல்ட் டெஸ்ட்’ என்றால் கடினமான சோதனைக்கு உட்படுத்தினார்கள் என்று பொருள். இரண்டிலும் ‘மீ’ நடுவில்தான் இருக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒரே வகையா?

பதில் 1

இல்லை, வேறு வேறு வகை. முதல் வாக்கியத்தில் ‘த்ரூ’ வினையைச் சேர்ந்தது. ‘டு த மேனேஜர்’ என்பதை நீக்கினாலும் ‘ஷி புட் மீ த்ரூ’ என்று வாக்கியம் முழுமையாக நிற்கும். இரண்டாவதில் ‘த்ரூ’ பின்னுள்ள ‘டெஸ்ட்’ என்ற பெயரை ஆள்கிறது. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் நீங்கள் சொல்ல வந்த பொருளே போய்விடும். கற்போருக்கான நல்ல அகராதிகள் இந்த வேறுபாட்டைத் தலைச்சொல்லிலேயே காட்டுகின்றன: ‘புட் சம்திங் ஆஃப்’ என்று ஒன்றையும் ‘புட் அப் வித் சம்திங்’ என்று மற்றொன்றையும் அச்சிட்டிருப்பார்கள். உங்கள் குறிப்பேட்டிலும் ‘சம்திங்’, ‘சம்படி’ என்பவற்றை உரிய இடத்தில் வைத்தே ஒவ்வொரு தொடரையும் எழுதிக்கொள்ளுங்கள். ‘இட்’ வரும் இடத்தைத் தனியாகப் படிக்க வேண்டியிருக்காது.