கிர்ஷ்னரின் ‘சிப்பாயாகத் தன்னுருவம்’: துண்டிக்கப்பட்ட கை எதற்காக?

கேள்வி:
வணக்கம். ஜெர்மன் ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் 1915இல் வரைந்த ‘சிப்பாயாகத் தன்னுருவம்’ ஓவியத்தின் அச்சுப்படியைச் சில நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சீருடை, உதட்டில் தொங்கும் சிகரெட், பின்னால் ஆடையின்றி நிற்கும் பெண், மணிக்கட்டோடு துண்டிக்கப்பட்ட வலது கை. முதல் உலகப் போரில் கையை இழந்தவர் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் அவர் போர்முனைக்கே போகவில்லையாம். நேராத ஒரு காயத்தை ஓவியர் தன் உடம்பில் வரைந்துகொண்டதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில் 1:
அந்த ஆண்டில் அவருக்கு நேர்ந்ததைப் பார்த்தால் கொஞ்சம் விளங்கும். 1905இல் டிரெஸ்டனில், ‘பாலம்’ என்று பொருள்படும் ‘டி ப்ரூக்கே’ ஓவியர் குழுவை நண்பர்களோடு தொடங்கியவர். 1911இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்து, அந்நகரின் தெருக்காட்சிகளை வரைந்தவர். போர் மூண்டபின் பீரங்கிப் படையில் சேர்ந்து, 1915இல் ஹாலே நகரில் பயிற்சி பெற்றார். ஓவியத்தில் தோள்பட்டையில் தெரியும் 75 என்ற எண் அவருடைய படைப்பிரிவின் எண்தான். சில மாதங்களிலேயே உடலும் மனமும் குலைந்து பெர்லின் திரும்பினார். அந்த நிலையில் வரைந்ததுதான் இது. தன் மனம் போன போக்கில் கோடு இழுத்தே வாழ்ந்த ஒருவருக்கு, பிறர் ஆணைக்கு மட்டுமே கை அசைந்த அந்த மாதங்கள் கையே போனதற்குச் சமமாக இருந்திருக்கும். இனி வரைய முடியாமல் போய்விடுமோ என்ற அச்சத்தைத்தான் அவர் ரத்தமும் சதையுமாகக் காட்டுகிறார் என்பது என் எண்ணம்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் நான் கையைவிடக் கண்களைத்தான் நெடுநேரம் பார்த்தேன். அவற்றில் கருமணியே இல்லை. சீருடையின் நீலம் கண்ணுக்குள்ளும் ஏறியிருக்கிறது. நிற்பது தன் ஓவியக்கூடத்தில், பின்னால் இருப்பவள் மாடல்; ஆனால் அவர் அவளைப் பார்க்கவே இல்லை. வரையும் கை போனதோடு, வரையத் தூண்டும் பார்வையும் ஆசையும் சேர்ந்தே போய்விட்டன என்று எனக்குப் படுகிறது. கையை மட்டும் குறியீடாக எடுத்துக்கொண்டால் படத்தில் பாதியை விட்டுவிடுவோம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கண்களை நான் இப்படிப் பார்த்ததில்லை. இந்த ஓவியத்தை நாஜிகள் இழிவுபடுத்தியதாகவும் படித்தேன். அது உண்மையா?

பதில் 1:
உண்மைதான். பிராங்க்ஃபர்ட்டின் ஸ்டேடல் அருங்காட்சியகத்தில் இருந்த இதை 1937இல் பறிமுதல் செய்து, நவீனக் கலையை ஏளனம் செய்ய மியூனிக்கில் நடத்திய ‘சீரழிந்த கலை’ கண்காட்சியில் ‘சிப்பாயும் வேசியும்’ என்று பெயர் மாற்றி மாட்டினார்கள். ஓவியக்கூடத்து மாடல் வேசியானாள். ஓர் ஓவியனின் துயரம் ஜெர்மன் படைவீரனுக்குச் செய்த அவமதிப்பானது. அந்தத் தலைப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய படைப்புகள் அறுநூற்றுக்கும் மேல் பறிக்கப்பட்டன. 1917 முதல் சுவிட்சர்லாந்தின் தாவோஸ் பகுதியில் வாழ்ந்துவந்த கிர்ஷ்னர், 1938 ஜூன் 15 அன்று அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். ஓவியம் இப்போது அமெரிக்காவில், ஓஹியோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 69 செ.மீ. மட்டுமே.