சப்டைட்டில் இல்லாம படம் பாத்தா இங்கிலீஷ் வந்துடுமா?

சொல்லேர்:
"சப்டைட்டிலே போடாம நூறு படம் பாருங்க, அப்புறம் டிக்‌ஷனரியே வேண்டாம்"னு ஒருத்தர் எழுதினதைப் படிச்சதுல இருந்து எரிச்சலா இருக்கு. நானும் ரெண்டு வருஷம் அப்படிப் பாத்தவன்தான், நாலு கெட்ட வார்த்தையும் துப்பாக்கிப் பேரும்தான் மிச்சம். இங்கிலீஷ் சப்டைட்டில் இல்லன்னா அது பொழுதுபோக்கு, படிப்பு இல்ல.

இரவுப்பறவை:
எழுதினது நான்தான், நேராவே திட்டுங்க. எழுத்து ஓடினா கண்ணு அங்க போயிடும், காது தூங்கிடும். குழந்தை சப்டைட்டில் பாத்தா பேசக் கத்துக்குது?

சொல்லேர்:
குழந்தைக்கு அம்மா பொருளைக் காட்டி பத்து தடவை சொல்லுவாங்க, ஹீரோ உங்களுக்காக நின்னு சொல்லுவானா? 2009ல வெப், ராட்ஜர்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் 318 படத்தோட வசனத்தை அலசினாங்க. ஆள் பேர், ஊர் பேரோட சேத்து 3000 சொற்குடும்பம் (ஒரு வார்த்தையும் அதுல இருந்து வர்ற வடிவங்களும் சேந்து ஒண்ணு) தெரிஞ்சாதான் 95 சதவீதமாவது தெரிஞ்ச வார்த்தையா இருக்கும். அது இல்லாதவனுக்கு சப்டைட்டில்தான் கைத்தடி.

மின்மினி:
3000 தெரிஞ்சாலும் இருபதுக்கு ஒண்ணு புரியாதே, அதை யார் சொல்லித் தருவா?

இரவுப்பறவை:
எழுத்தைப் பாத்துப் படிச்சவங்கதான் கடனை 'டெப்ட்'னு சொல்றாங்க. நடுவுல இருக்கிற பி பேசாது, 'டெட்'தான். 'டவுட்'லயும் அதே பி இருக்கு, அதை மட்டும் எப்படி சரியா சொல்றோம்? காதால வந்த வார்த்தைங்க அது!

சொல்லேர்:
உங்க உதாரணமே உங்களைக் கவுக்குது. சப்டைட்டில் இல்லாம "ஹி இஸ் இன் டெட்"னு கேட்டா ஆள் செத்துட்டான்னுதான் நெனப்பீங்க.

மின்மினி:
'இன்'னுக்கு அப்புறம் செத்தவன் எப்படிங்க வருவான்? கிராமர்னு ஒண்ணு இருக்குல்ல? அதோட கடன் (debt) T-ல முடியும், செத்தவன் (dead) D-ல முடியும், சத்தமே வேற.

சொல்லேர்:
அந்த வித்தியாசம் வேகமா பேசுறப்ப உங்க காதுக்குக் கேட்டுச்சா? சத்தியமா சொல்லுங்க.

பழையவாத்தியார்:
படத்தை விட்டுட்டு புத்தகம் படிங்கப்பா. வார்த்தை அங்கதான் இருக்கு. முப்பது வருஷம் கிளாஸ் எடுத்தவன் சொல்றேன்.

சொல்லேர்:
ஐயா, அதே 2009ல பிரிஸ்பர்ட், நியூ ரெண்டு பேரும் அமெரிக்க சப்டைட்டில்ல இருந்து 5 கோடி வார்த்தைக்கு மேல எண்ணினாங்க. ஒரு வார்த்தையை ஆளுங்க எவ்வளவு சீக்கிரம் அடையாளம் கண்டுக்கிறாங்கன்னு கணிக்க, எழுத்துல இருந்து எடுத்த பழைய கணக்கை விட அதுதான் நல்லா பொருந்துச்சு. கவனிங்க, சப்டைட்டில்!

இரவுப்பறவை:
எண்ணுறதுக்கும் கத்துக்கிறதுக்கும் என்னய்யா சம்பந்தம்? போன மாசம் உச்சரிப்பு சண்டையிலயும் இப்படித்தான் எங்கெங்கயோ சுத்தி வந்தீங்க.

சொல்லேர்:
அன்னைக்கு பாதில ஓடினது நீங்க. இப்பவும் கேட்டதுக்கு பதில் வரல, டெட்டா டெட்டா, எது கேட்டுச்சு?