34 அடி கண்ணாடியிழைப் பாய்மரப் படகு: சுக்கான் கனப்பது படகின் குறையா?

புதுப்பாய்:
வாங்கும் எண்ணத்தில் பழைய 34 அடிப் படகு ஒன்றை நேற்று ஓட்டிப் பார்த்தேன். குறுகிய ஆழமான கீலும் (அடியில் நீருக்குள் இறங்கும் துடுப்புப் போன்ற பகுதி), தாங்கல் இல்லாத சுக்கானும் கொண்டது. 12 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றில் ஒரு விரலே போதுமாயிருந்தது. 18 நாட்டைத் தொட்டதும், சுக்கானை முழுப் பலத்துடன் பிடித்தும் அணியம் (படகின் முன்முனை) காற்றை நோக்கியே திரும்பியது. எஞ்சினில் பின்னோக்கி எடுத்தபோது பின்பகுதி இடப்பக்கமாக ஒதுங்கியது. இவை படகின் குறைகளா, என் கையின் குறைகளா?

சுக்கான்காரன்:
முதலாவது, பெரும்பாலும் பாயின் குறை. படகு சாயும்போது பாயின் உந்துவிசை நடுக்கோட்டை விட்டு வெளியே நகர்வதால், அது அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்புகிறது. 20 பாகைக்கு மேல் சாய்ந்தால் சுக்கானின் பிடிப்பும் குறைந்துவிடும். முதன்மைப் பாயை ஒரு மடிப்புச் சுருக்கியிருந்தால் படகு நிமிர்ந்திருக்கும், வேகமும் பெரிதாகக் குறைந்திருக்காது. நீர்க்கோடு (நீர்மட்டத்தில் படகின் நீளம்) 28 அடி என்றால் இத்தகைய படகின் இயல்பான உச்ச வேகம் சுமார் 7 நாட்தான். அதற்கு மேல் பாயை விரிப்பது சாய்வைத்தான் கூட்டும். துணி தளர்ந்த பழைய பாயில் குழிவு பின்னே நகர்ந்து இந்தத் தொல்லையை வளர்க்கும் என்பதால், பாயின் வயதைக் கேளுங்கள்.

நீர்க்கோடு:
பாயைப் பழிக்கும் முன், பாய்மரம் அளவுக்கு மீறிப் பின்னால் சாய்த்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், விளைவு அதேதான். பின்னோக்கிச் செல்கையில் ஒதுங்குவது குறையே அன்று. முன்செல்கையில் வலஞ்சுழியாகச் சுழலும் எஞ்சின் விசிறி (படகை உந்துவது), பின்செல்கையில் எதிராகச் சுழன்று பின்பகுதியை இடப்பக்கம் தள்ளும். சிறிது வேகம் பிடித்ததும் எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் சுக்கான் வேலை செய்யத் தொடங்கும். அப்போது அதைக் கைவிட்டுவிடாதீர்கள், ஒரேயடியாகத் திரும்பி அடிக்கும்.

நான் அஞ்சுவது மேல்தளத்தைத்தான். இரு கண்ணாடியிழை அடுக்குகளுக்கு இடையே பால்சா மரம் வைத்த தளமாக இருந்தால், கைப்பிடிக் கம்பிகளின் அடியில் நீர் புகுந்து மரம் உளுத்திருக்கலாம். பிளாஸ்டிக் சுத்தியால் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும் இடமே பணத்தைத் தின்னும் இடம். படகின் அடிப்புறக் கண்ணாடியிழையில் எழும் கொப்புளங்களைப் பலர் பெரிதுபடுத்துகிறார்கள். உளுத்த தளத்தின் முன் அவை பெரும்பாலும் சிறிய செலவே.

புதுப்பாய்:
இருவருக்கும் நன்றி. விசாரித்தேன்: பாய் படகோடு வந்த அதே பழைய பாயாம். அடுத்த முறை சுத்தியுடன் செல்கிறேன்.