புதுப்பிப்பு: ஏற்காட்டுக்கு டர்போ ஆட்டோமேட்டிக்கா, சாதா மேனுவலா?

வாரநாள் சேலம் டவுன், ஞாயிறு ஏற்காடு என்ற கணக்குக்கு, பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ (டர்போ ஆட்டோமேட்டிக்), டர்போ இல்லாத ஸ்விஃப்ட் மேனுவல் இரண்டில் போலோவுக்கே முன்பு ஓட்டுப் போட்டிருந்தேன். அதில் ஒரு திருத்தம்.

மலைக்கு போலோதான், சந்தேகமில்லை. உயரம் கூடக் காற்று அடர்த்தி குறையும். டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளி அதைப் பெரும்பாலும் ஈடுகட்டும். டர்போ இல்லாத எஞ்சின் மேலே போவதற்குள் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். 20 கொண்டை ஊசி வளைவில் மேலே போகப் போக இரண்டாவது கியரில் திணறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிக்கல் சேலம் டவுனின் ஐந்து ரோடு சந்திப்பு நெரிசலில். போலோவின் 7 கியர் டிஎஸ்ஜியில் (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) உள்ளது உலர் கிளட்ச், எண்ணெய்க் குளிர்ச்சி கிடையாது. ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்ந்து சூடாகும். கியரையும் கிளட்சையும் இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும்.

போலோவை வாங்கியே தீருவேன் என்றால், வண்டி நன்றாகச் சூடான பிறகு ஓட்டிப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போதும், ரிவர்ஸில் மேட்டில் ஏற்றும்போதும் உதறினால் விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி. நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தாமல், இடைவெளி விட்டு மொத்தமாக நகருங்கள்.

தினமும் டவுன் ஓட்டம் அதிகமென்றால் ஸ்விஃப்டே. மலை இறங்கும்போது இரண்டாவது கியர். பிரேக் ஆயில் 2 ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள்.